சொட்டுக்கும் கரண்டிக்கும் நடுவே

1966ஆம் ஆண்டு ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர்’ என்ற ஆய்விதழின் ஒன்பதாவது தொகுதியில் இரண்டு பழைய எழுத்துகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளியாயின. ஒன்று, 1756இல் ஜெர்மானிய மருத்துவப் பேராசிரியர் ஒருவர் லத்தீனில் எழுதிய நூலின் ஒரு பகுதி. மற்றொன்று, 1934இல் ஜப்பானியப் பேராசிரியர் ஒருவர் தன் மொழியிலேயே எழுதிய கட்டுரை. இரண்டுக்கும் நடுவே 178 வருஷம். ஒன்று கரண்டியில் விட்ட ஒரு சொட்டுத் தண்ணீரைப் பற்றியது, இன்னொன்று தண்ணீரில் முக்கிய ஒரு கம்பியைப் பற்றியது. புதிய ஆராய்ச்சிகளை வெளியிடுவதற்காக நடத்தப்படும் இதழ் ஏன் திடீரென்று பழைய ஏடுகளைத் தூசி தட்டியது?

காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தோசைக்கல்லிடம் போக வேண்டியிருக்கிறது.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த காலத்தில் விடுதிச் சமையல்காரர் ஒருவர் தோசை வார்ப்பதற்கு முன் கல்லில் கையால் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். தண்ணீர் ‘சொய்ங்’ என்று சீறி ஒரு நொடியில் காணாமல் போனால் மாவை ஊற்றுவார். சில நாள் தண்ணீர் சீறாது. சின்னச் சின்ன முத்தாகத் திரண்டு கல்லின் மேல் அங்குமிங்கும் ஓடும். அப்போது கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். “கல்லு ரொம்ப காஞ்சு போச்சு தம்பி, இப்ப ஊத்துனா மாவு சுருட்டிக்கும். கொஞ்சம் பொறு.” அடுப்பைக் குறைத்து, வெங்காயத்தைத் தேய்த்து, மறுபடி தெளிப்பார். இந்த முறை சொய்ங்.

கல் அதிகம் சூடாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாக வேண்டும், அதுதானே நியாயம்? ஆனால் அதிகச் சூட்டில் சொட்டு நீண்ட நேரம் உயிரோடு இருக்கிறது. அவர் அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்த இந்த விஷயத்துக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரைபடம் உண்டு. அது கடைசி அலகில் இருந்தது, செமஸ்டர் எப்போதும் அதற்கு முந்தைய அலகோடு முடிந்துவிடும். 1960இல் வந்த பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் மூவரின் ‘டிரான்ஸ்போர்ட் ஃபினாமினா’ தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு உந்தம், வெப்பம், பொருள் மூன்றும் எப்படி இடம் பெயர்கின்றன என்று கற்றுக்கொடுத்தது. ஒரே திரவம், ஒரே வாயு என்றால் அந்தக் கணக்குகள் அழகாக முடியும். திரவமும் ஆவியும் கலந்து, ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே ஓடினால்தான் தலைவலி. அதை ‘டூ பேஸ்’ என்போம், தமிழில் இருநிலைப் பாய்வு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் லத்தீன்காரர். யோஹான் காட்லோப் லைடன்ஃப்ராஸ்ட், டூயிஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்தவர். அவருடைய நூல் சாதாரணத் தண்ணீரின் சில குணங்களைப் பற்றியது. ஒரு இரும்புக் கரண்டியைத் தணலில் வைத்துச் சிவக்கக் காய்ச்சினார், எடுத்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு கரண்டியில் ஒட்டாமல் உருண்டையாக நின்றது, மெல்லச் சுழன்றது. ஊசல் வைத்து நேரம் பார்த்தார். முதல் சொட்டு மறைய அரை நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கரண்டி கொஞ்சம் ஆறியிருந்தது, ஆகவே இரண்டாவது சொட்டு அதைவிட வேகமாகப் போனது. மூன்றாவது இன்னும் வேகம்.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. சொட்டுக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துப் பார்த்தார். சொட்டுக்கும் கரண்டிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதாவது தண்ணீர் இரும்பைத் தொடவே இல்லை. சொட்டின் அடிப்பக்கம் ஆவியாகி, அந்த ஆவியே மெத்தையாக விரிந்து சொட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நீராவி வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் சோம்பேறி. ஆகவே மெத்தையின் மேல் அமர்ந்த சொட்டுக்குக் கீழேயுள்ள நெருப்பு சரியாக எட்டுவதில்லை.

இதை முதலில் கவனித்தவர் லைடன்ஃப்ராஸ்ட் என்று சொல்ல முடியாது. ஹாலந்தின் பெரிய மருத்துவர் பூர்ஹாவே 1732இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் கரண்டியும் ஊசலும் மெழுகுவத்தியுமாக உட்கார்ந்து பார்த்தவருக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. நியாயம்தான்.

அடுத்த நூற்றாண்டில் இது கொஞ்சம் வித்தைக்காரர் கைக்குப் போனது. பிரெஞ்சுக்காரர் பூட்டின்யி இதற்குக் ‘கோள நிலை’ என்று பெயரிட்டு, திடம், திரவம், வாயுவுக்கு அடுத்த நான்காவது நிலை என்றே வாதாடினார். சிவக்கக் காய்ந்த கிண்ணத்தில் திரவ சல்ஃபர் டை ஆக்ஸைடை விட்டு, அதில் தண்ணீரைச் சேர்த்துப் பனிக்கட்டியாக எடுத்துக் காட்டினார். நெருப்புக் கிண்ணத்திலிருந்து ஐஸ்! ஜூல் வெர்ன் 1876இல் எழுதிய ‘மிஷேல் ஸ்ட்ரோகாஃப்’ நாவலில் நாயகனின் கண்ணைப் பழுக்கக் காய்ந்த வாளால் குருடாக்குகிறார்கள். அந்த நேரத்தில் பெருகிய கண்ணீர் ஆவிப்படலமாகிக் கண்ணைக் காப்பாற்றிவிட்டது என்று பிறகு தெரிகிறது. நம்ம ஊர் சினிமாவுக்குச் சளைத்ததில்லை.

ஆனால் பூட்டின்யி ஒரு கவலையான கேள்வியையும் எழுப்பினார். அது நீராவிக் கொதிகலன்கள் வெடித்துக்கொண்டிருந்த காலம். 1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பி ஆற்றில் மெம்ஃபிஸ் நகரத்துக்கு அருகே ‘சுல்தானா’ என்ற படகின் கொதிகலன்கள் வெடித்தன. சிறையிலிருந்து விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த போர்வீரர்கள் உட்பட ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தக் கொதிகலனில் அவசரமாகப் போட்ட ஒட்டு ஒன்று இருந்தது. பெரும்பாலான வெடிப்புகளுக்கு இப்படித்தான், மெலிந்த தகடு, துரு, கஞ்சத்தனம் என்று சாதாரணக் காரணங்கள். பூட்டின்யியின் சந்தேகம் வேறு. தகடு அதிகம் காய்ந்தால் தண்ணீர் அதைத் தொடாமல் மிதக்கும். தகடு கொஞ்சம் ஆறியதும் மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாகத் தொட்டுச் சீறுமே, அப்போது என்ன ஆகும்? எல்லா வெடிப்பையும் அதன் தலையில் கட்டியது அதிகப்படி. கேள்வி மட்டும் வீண்போகவில்லை.

இனி கம்பி. ஜப்பானின் செண்டாய் நகரில் தோஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷிரோ நுகியாமா. அவருடைய கட்டுரையின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் உலோகத்திலிருந்து கொதிக்கும் நீருக்குச் செல்லும் வெப்பத்தின் உச்ச, நீச மதிப்புகள். வெப்பத்துக்கு ஏது உச்சம்? அதிகம் சூடாக்கினால் அதிகம் போகாதா? தோசைக்கல்லைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள்.

அவருடைய ஏற்பாடு எளிமையானது. 100 டிகிரியில் நிற்கும் தண்ணீரில் மெல்லிய கம்பி. அதில் மின்சாரம். எவ்வளவு மின்சாரம் என்பதிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று தெரியும், கம்பியின் மின்தடையை அளந்தால் கம்பியின் வெப்பநிலை தெரியும். அடுப்பும் அதுவே, தெர்மாமீட்டரும் அதுவே.

மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கம்பி தண்ணீரைவிட 5 டிகிரி வாக்கில் அதிகமானதும் குமிழ் விட ஆரம்பித்தது. ஒவ்வொரு குமிழும் கிளம்பும்போது பக்கத்துத் தண்ணீர் அந்த இடத்துக்குப் பாயும், ஆகவே வெப்பம் அபாரமாக வெளியேறும். கம்பி 30 டிகிரி அதிகமாவதற்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட் என்ற அளவை எட்டிவிடும். பழைய குண்டு பல்பு ஒன்றின் மொத்த மின்சாரமும் கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில் வெளியேறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் துளி கூட்டியதும் நிக்ரோம் கம்பி பளிச்சென்று எரிந்து அறுந்தது. 130 டிகிரியில் இருந்த கம்பி, சுற்றிலும் தண்ணீர் இருக்க, உருகிவிட்டது.

பிளாட்டினத்தைப் போட்டார். அது உருக சுமார் 1770 டிகிரி வேண்டும். அதே இடத்தில் பிளாட்டினமும் தாவியது, ஆனால் அறுந்து போகவில்லை. தண்ணீருக்குள் வெள்ளையாகத் தகதகத்துக்கொண்டு, தன்னைச் சுற்றி நீராவிப் போர்வையோடு நின்றது. லைடன்ஃப்ராஸ்டின் சொட்டு இங்கே உள்வெளியாகத் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. நுகியாமா மின்சாரத்தைக் குறைத்தார். கம்பி வந்த வழியே திரும்பவில்லை. உச்சத்துக்குக் கீழே வந்த பிறகும் போர்வை விலகாமல் கம்பி ஜொலித்துக்கொண்டே இருந்தது. வெகுவாகக் குறைத்த பிறகுதான் போர்வை கிழிந்து, கம்பி சட்டென்று குளிர்ந்து மறுபடி குமிழ் விட்டது. ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி வேறு. நடுவே ஒரு பகுதியை அவரால் தொடவே முடியவில்லை.

அந்த விடுபட்ட பகுதியில் என்ன இருக்கும் என்பதைச் சரியாக ஊகித்தார் நுகியாமா. அங்கே வெப்பநிலை ஏற ஏற வெப்பம் குறைய வேண்டும். மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சோதனையில் அந்த இடத்தில் நிற்கவே முடியாது, வெப்பநிலையைத் தனியே கட்டுப்படுத்தினால் முடியும் என்றார். மூன்று வருஷம் கழித்து, 1937இல் ட்ரூ, முல்லர் என்ற இரண்டு அமெரிக்கக் கெமிக்கல் இன்ஜினியர்கள் குழாய்க்குள் நீராவியைக் குளிரவைத்து, வெளியே தாழ்ந்த சூட்டில் கொதிக்கும் திரவங்களை வைத்து அந்தப் பகுதியையும் அளந்து வரைபடத்தை முடித்தார்கள். நீராவியின் அழுத்தத்தை மாற்றினால் குழாயின் சூடு மாறும், இதற்குக் கெமிக்கல் இன்ஜினியர் மூளைதான் வேண்டும் என்று எங்கள் ஜாதிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் கம்பியில் அந்த வளைவைப் பார்த்தது நுகியாமா. அவர் கட்டுரை ஜப்பானிய மொழியில் இருந்ததால் வெளியே அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு.

ஏன் ஓர் உச்சம் இருக்கிறது? இதற்கு ஒரு டவுன் பஸ்ஸின் படிக்கட்டு போதும். ஒரே படியில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும். பத்துப் பேர் என்றால் சமாளித்துக்கொள்வார்கள். இறங்குகிற கூட்டம் வெறி கொண்டு முண்டினால் ஏற வேண்டியவர் ஒருவர்கூடக் கால் வைக்க முடியாது. சூடான பரப்பிலிருந்து ஆவி மேலே போக வேண்டும், அதே இடத்துக்குத் தண்ணீர் கீழே வர வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் சுமார் 1600 மடங்கு இடம் கேட்கும். ஆவி ஓட்டம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீர் தடுக்கப்படும், பரப்பு காயும், போர்வை விழும்.

சோவியத் நாட்டின் சாம்சன் குடாடெலாட்ஸே 1948இல் பரிமாணப் பகுப்பாய்வை வைத்தே இந்த உச்சத்துக்கு ஒரு சூத்திரம் எழுதினார். அதிலுள்ள ஒரு எண்ணை மட்டும் சோதனையிலிருந்து எடுக்க வேண்டும், 0.16 வாக்கில் வந்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸில் நோவாக் ஜூபர் வேறு வழியில் வந்தார். கனமான தண்ணீர் லேசான ஆவியின் மேல் உட்கார்ந்தால் கவிழப் பார்க்கும். எதிரெதிராக ஓடும் இரண்டு பாய்மங்களின் எல்லை, காற்றடித்த ஏரி மாதிரி அலை எழுப்பிச் சிதறும். இந்த இரண்டு நிலையாமைகளை வைத்து அவர் வருவித்த சூத்திரம் குடாடெலாட்ஸேயின் வடிவத்திலேயே இருந்தது, எண் மட்டும் 0.131. கம்பி நிக்ரோமா பிளாட்டினமா என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. இது சரியா என்ற சண்டை இன்றும் நடக்கிறது. பரப்பின் சொரசொரப்பும் தண்ணீர் அதில் எப்படிப் படர்கிறது என்பதும் உச்சத்தை மாற்றும் என்று பிறகு வந்த சோதனைகள் காட்டிவிட்டன. ஆனால் முதல் மதிப்பீட்டுக்கு ஜூபர் இல்லாமல் யாரும் கணக்கைத் தொடங்குவதில்லை.

ஜூபரின் அறிக்கையை வெளியிட்டது அமெரிக்க அணுசக்தி ஆணையம். 1966க்கான விடை இங்கேதான். அணு உலையின் எரிபொருள் கம்பியும் நுகியாமாவின் கம்பியைப் போலத்தான். வெப்பத்தின் அளவை அணுப்பிளவு முடிவு செய்யும், வெப்பநிலை தானாக அமையும். உச்சத்தைத் தாண்டினால் கம்பி தாவும். ஆகவே உலை வடிவமைப்பவர்கள் எல்லோருக்கும், எந்த இடத்திலும் அந்த உச்சத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது தினப்படிக் கேள்வியாயிற்று. கரண்டியும் கம்பியும் மறுபடி அச்சேறியதில் ஆச்சரியமில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து, 1979 மார்ச் 28, விடியற்காலை நாலு மணி. பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்டின் இரண்டாவது உலை. நீரூட்டும் பம்புகள் நின்றுபோயின, உலை தானாக அணைந்தது. அதுவரை சரி. அழுத்தம் ஏறியதால் மேலே ஒரு வால்வு திறந்தது, அழுத்தம் இறங்கியதும் மூட வேண்டியது மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ மூடு என்ற உத்தரவு போனதைத்தான் காட்டியது, வால்வு மூடியதா என்பதை அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை மணிகள் அடித்துக்கொண்டிருந்தன.

அந்த உலையில் தண்ணீர் சுமார் 150 வளிமண்டல அழுத்தத்தில், 300 டிகிரிக்கு மேல், கொதிக்காமல் ஓடும். அழுத்தத்தைப் பிடித்து வைக்க ‘பிரஷரைசர்’ என்ற உயரமான கலம் உண்டு, அதன் மேல்பகுதியில் மட்டும் நீராவி மெத்தை. உலைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நேராகப் பார்க்கும் கருவி கிடையாது. பிரஷரைசரின் மட்டத்தைப் பார்த்து அனுமானிப்பார்கள். ஒரே ஒரு நிலை, வெறும் தண்ணீர் என்றால் அந்த அனுமானம் சரி.

திறந்த வால்வு வழியே அழுத்தம் இறங்க, உலைக்குள் இருந்த தண்ணீர் ஆங்காங்கே ஆவியாக ஆரம்பித்தது. ஆவி தண்ணீரைப் பிரஷரைசருக்குள் தள்ளியது. மொத்தத் தண்ணீர் குறைகிறது, கலத்தின் மட்டமோ ஏறுகிறது! பணியில் இருந்தவர்கள் கடற்படை அணு உலைகளில் பழகியவர்கள். பிரஷரைசர் முழுக்க நிரம்ப விடாதே என்பது அவர்கள் மனப்பாடம். அவசர நீரூட்டல் தானாக ஓடத் தொடங்கியிருந்தது, ஐந்து நிமிஷத்துக்குள் அதைக் குறைத்துவிட்டார்கள்.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வகுப்பில் யாரை உட்கார வைத்திருந்தாலும் அதையே செய்திருப்போம். இதேபோன்ற ஒரு சம்பவம் 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி உலையில் நடந்து, வெறும் 9 சதவீத ஆற்றலில் ஓடியதாலும், இருபது நிமிஷ வாக்கில் கண்டுபிடித்ததாலும் ஒன்றும் ஆகாமல் போயிற்று. அதன் பாடத்தை அந்த நிறுவனத்துக்குள்ளேயே எழுதி எச்சரித்தவர்கள் இருந்தார்கள். பிரஷரைசர் மட்டம் ஏமாற்றும் என்று வெளியே தனியே எழுதியவரும் இருந்தார். அந்தக் குறிப்புகள் எதுவும் த்ரீ மைல் ஐலண்டின் இரவுப் பணிக்காரர்கள் மேஜைக்கு வந்து சேரவில்லை. ஜான் கெமனி தலைமையில் அமைந்த விசாரணைக் குழு இதையெல்லாம் பிறகு தோண்டி எடுத்தது. நம்ம ஊரில் ‘பேசிக்’ நிரல்மொழி கற்றவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், அதை உருவாக்கிய இருவரில் ஒருவர்.

தண்ணீரும் ஆவியும் கலந்து பம்புகளுக்குள் போக, பம்புகள் உதறத் தொடங்கின. உடைந்துவிடுமே என்று 73ஆவது நிமிஷம் இரண்டையும் 100ஆவது நிமிஷம் மீதி இரண்டையும் நிறுத்தினார்கள். அதுவரை பம்பு கலக்கி ஓட்டிய கலவையாவது எரிபொருளைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. பம்பு நின்றதும் ஆவி மேலே, தண்ணீர் கீழே என்று இரண்டும் பிரிந்தன. எரிபொருளின் தலை வெளியே தெரிந்தது. பிளவு நின்றாலும் எரிபொருள் தணல் மாதிரிச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். ஜிர்கோனிய உறை நீராவியோடு வினைபுரிந்து இன்னும் சூட்டைக் கிளப்பி, ஹைட்ரஜனை விட்டது. 6 மணி 22 நிமிஷத்துக்கு, புதிதாக வந்தவர் ஒருவரின் யோசனையில் அந்த வால்வின் வழியை அடைத்தார்கள். மறுபடி ஒரு பம்பை ஓட்டி உலையை ஒழுங்கான குளிர்ச்சிக்குக் கொண்டுவர இரவு எட்டு மணி ஆயிற்று.

உள்ளே என்ன ஆகியிருந்தது என்பது அப்போது தெரியவில்லை. 1982 ஜூலையில் உலைக்குள் ஒரு கேமராவை இறக்கினார்கள். எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் சுமார் ஐந்து அடிக்கு வெற்றிடம். பாதி எரிபொருள் உருகியிருந்தது என்பதும், அதில் ஏறக்குறைய 20 டன் ஒழுகிக் கலத்தின் அடியில் போய்த் தங்கியது என்பதும் அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. இதற்கிடையில் தண்ணீருக்கும் ஆவிக்கும் தனித்தனியே சமன்பாடுகள் எழுதி, இரண்டும் எல்லையில் என்னென்ன பரிமாறிக்கொள்கின்றன என்று கணிக்கும் பெரிய நிரல்களில் பணம் கொட்டப்பட்டது. மமோரு இஷி 1975இலேயே அந்தச் சமன்பாடுகளுக்கு அடித்தளம் போட்டு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். இன்று மாணவர்கள் கணினியில் ஓட்டும் பலநிலைப் பாய்வு மென்பொருட்களின் வம்சாவளி அங்கேயும் போய்ச் சேரும்.

கடைசியாக அந்தக் கலத்தின் அடித்தகட்டிலிருந்து 1990இல் உலோகத் துண்டுகளை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வு. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் 1100 டிகிரி வரை காய்ந்து, அரை மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறது. பிறகு மடமடவென்று ஆறியிருக்கிறது. அவ்வளவு எரிபொருள் குழம்பு மேலே கிடக்கும்போது எஃகு அந்த வேகத்தில் ஆற வழியே இல்லை, கணக்கு அப்படித்தான் சொன்னது. குழம்பு உறைந்து சுருங்கியபோது அதற்கும் எஃகுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுந்து, அதற்குள் தண்ணீர் நுழைந்திருக்க வேண்டும் என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதன் பிறகு ஜப்பானிலும் தென் கொரியாவிலும் உருகிய அலுமினாவைத் தண்ணீர் நின்ற எஃகுக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறவிட்டு, இரண்டுக்கும் நடுவே உண்மையிலேயே இடைவெளி விழுகிறதா என்று அளந்து பார்த்தார்கள்.